இன்சூரன்ஸ் இருந்தும் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குக் கையிலிருந்து எவ்வளவு போச்சு?

ஈரோடு_மஞ்சள்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு வயசு 38, ரெண்டு பசங்க. உயரம் 163 செ.மீ., எடை 108 கிலோ. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஏறின எடை பத்து வருஷமா இறங்கவே இல்லை. நடந்தேன், பட்டினி கிடந்தேன், பேலியோ இருந்தேன், ஈரோட்லயே ரெண்டு டயட்டீஷியன்கிட்ட போனேன். பத்து கிலோ குறைஞ்சா பன்னெண்டு கிலோ திரும்பி வரும். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடறேன். மாடிப்படி ஏறினா முட்டி ரெண்டும் பிடிச்சுக்குது.

கோயம்புத்தூர்ல ஒரு டாக்டர் ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்லியிருக்காரு. இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்கிடுவாங்களாம். எஸ்டிமேட் 3,85,000.

குடும்பத்துக்கு 5 லட்சம் ஃப்ளோட்டர் பாலிசி (எல்லாருக்கும் சேத்து ஒரே தொகை) இருக்கு. எடுத்து மூணு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு தடவை கூட க்ளெய்ம் பண்ணினதில்லை. ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும்க்கா"ன்னு சொல்றாரு. ஆஸ்பத்திரியில கேட்டா "அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும்"ங்கறாங்க. ரெண்டு பேச்சுக்கும் நடுவுல நான் நிக்கிறேன். சேத்து வெச்சிருக்கறது 80,000 ரூபாய். வீட்டுக்காரரு தறி ஓட்டறாரு, அதுக்கு மேல புரட்டச் சொல்லிக் கேக்க எனக்கு மனசில்லை.

யாராச்சும் இன்சூரன்ஸ்ல பண்ணியிருந்தா, உங்க கையிலிருந்து கடைசியா எவ்வளவு போச்சுன்னு நிஜக் கணக்கு சொல்லுங்க.

தாமிரபரணி

தங்கச்சி, நான் 2022-ல பண்ணிக்கிட்டேன், ஸ்லீவ்தான். அப்ப எடை 131. எனக்கும் 5 லட்சம் பாலிசிதான். பில்லை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன், அப்படியே எழுதுதேன்.

மொத்தம் 4,10,000. இதுல டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேத்து 2,00,000. ஸ்டேப்ளர் (இரைப்பையை வெட்டி மூடுத கருவி), மருந்து 1,60,000. ரூம் மூணு நாளைக்கு 24,000. டெஸ்ட்டு, சில்லறைச் சாமான் 26,000.

இன்சூரன்ஸ்காரன் குடுத்தது 2,48,000. மிச்சம் 1,62,000 நான் கட்டினேன். காரணம் ரூம். பாலிசியில ரூம் வாடகை ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 5,000-ன்னு இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில 8,000 ரூபா ரூம்தான் காலியா இருக்குன்னாவ, சரின்னுட்டேன். ரூமுக்கு மட்டும் மூவாயிரம் கூடக் கட்டுனாப் போதும்னு நினைச்சேன். ஆனா மொத்த பில்லையும் எட்டுக்கு அஞ்சு பங்கா வெட்டிட்டாவ. டாக்டர் ஃபீஸ்ல 75,000, ஸ்டேப்ளர் மருந்துல 60,000, ரூம்ல 9,000, சில்லறைச் சாமான்ல 18,000.

அம்மா வளையலை அடகு வச்சுத்தான் டிஸ்சார்ஜ் ஆனேன். அதனால சொல்லுதேன், ரூம் எடுக்கும்போது கவனமா இருங்க.

மேசை_எண்_4

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவன். இப்போது அந்த வேலையில் இல்லை. ஏஜென்ட்டும் சரி, ஆஸ்பத்திரியும் சரி, உங்களிடம் முழுசாகச் சொல்லவில்லை. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலிசி புத்தகத்தில் 'விலக்குகள்' பகுதியில் உடல்பருமன் பற்றி ஒரு பத்தி இருக்கும். இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விலக்குகளை ஒழுங்குபடுத்தியபோது அதற்கு 06 என்று எண் கொடுத்தது, எல்லாக் கம்பெனியிலும் வாசகம் ஒன்றுதான். விலக்கு என்ற தலைப்பைப் பார்த்து நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள். அது சொல்வது என்னவென்றால், நாலு நிபந்தனையும் பூர்த்தியாகாவிட்டால் கிடையாது என்பது. பூர்த்தியானால் உண்டு. டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும். மருத்துவ நடைமுறை நெறிகளுக்கு உட்பட்ட அறுவையாக இருக்க வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். நாலாவதுதான் முக்கியம்: பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 40 அல்லது அதற்கு மேல். இல்லாவிட்டால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே இந்த நாலில் ஒன்று: பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை. அதுவும் மற்ற வழிகளில் எடை குறைக்க முயன்று முடியாமல் போயிருக்க வேண்டும்.

தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. முட்டி வலியும் இல்லை. ஆகவே உங்களுக்கு 40 என்ற எண் ஒன்றுதான் பிடிமானம். 108 கிலோவுக்கும் 163 செ.மீ.க்கும் கணக்குப் போட்டால் 40.6 வருகிறது. கரையில்தான் நிற்கிறீர்கள். ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது: டாக்டரின் ஓ.பி. சீட்டில் உயரம், எடை, பி.எம்.ஐ. மூன்றையும் தேதியோடு எழுதச் சொல்லி, கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். இரண்டு வெவ்வேறு நாளில் வாங்கினால் இன்னும் நல்லது. பழைய டயட்டீஷியன் சீட்டுகள், ஜிம் ரசீது எது இருந்தாலும் எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள்.

தூக்கப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைப்பட்டால்தான் 'கடுமையான' என்ற கணக்கு. வந்தால் உங்களுக்கு இரண்டாவது பிடிமானம் கிடைக்கும்.

பிறகு காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்து இத்தனை மாதம் கழித்துத்தான் க்ளெய்ம் என்பது. உங்கள் பாலிசியில் இந்த அறுவைக்கு 24 மாதமா 36 மாதமா என்று பாருங்கள். 2024 ஏப்ரலிலிருந்து எந்தக் கம்பெனியும் 36-க்கு மேல் வைக்க முடியாது. நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்றே தோன்றுகிறது. அதோடு இந்த அறுவைக்கு மட்டும் தனி உச்சவரம்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 5 லட்சம் பாலிசியில் இதற்கு மட்டும் பாதிதான் என்று ஒரு வரி அட்டவணையில் ஒளிந்திருந்து, டிஸ்சார்ஜ் அன்றைக்கு அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

தாமிரபரணி அண்ணாச்சி, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லவும் கஷ்டமாக இருக்கிறது. ரூம் வாடகையை மீறினால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் இவற்றை விகிதப்படி வெட்டலாம். ஆனால் மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் எனும் ஒருமுறை உபயோகச் சாமான்கள், உடலுக்குள் வைக்கும் பொருள், கருவிகள், டெஸ்ட் இவற்றை அந்த விகிதத்தில் வெட்டக் கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்தையும் வெட்டக் கூடாது. 2020-ல் வந்த விதி இது. உங்கள் ஸ்டேப்ளரிலும் மருந்திலும் வெட்டிய 60,000 வெட்டியிருக்கவே கூடாது.

தாமிரபரணி

சார், இதை எனக்கு அப்ப சொல்ல ஒரு ஆள் இல்லையே. டிஸ்சார்ஜ் அன்னைக்கு கையெழுத்து போடுங்க போடுங்கன்னு நின்னாவ. இப்ப கேக்கலாமா?

மேசை_எண்_4

ஓம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போக, கம்பெனி கையை விரித்த நாளிலிருந்து ஒரு வருஷம்தான் அண்ணாச்சி. நீங்கள் அப்போது எழுத்தில் புகாரே கொடுக்கவில்லை என்றால், கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு இப்போது ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். பில், செட்டில்மென்ட் கடிதம் இரண்டின் நகலையும் வையுங்கள். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மாமரத்து_நிழல்

அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயதுப் பையன் எடைக்குறைப்பு அறுவைக்காகச் சென்னைப் புறநகரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்து உயிர் விட்டான். பெற்றவர்கள் அழுததைச் செய்தியில் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்த அறுவை என்றாலே நெஞ்சு பதறுகிறது. கம்பு, கேழ்வரகு, கொள்ளு, நடை இவற்றால் முடியாதா? நல்ல உறுப்பை வெட்டி எறிய வேண்டுமா? என் மகள் வயது உங்களுக்கு, அதனால் கேட்கிறேன்.

ஈரோடு_மஞ்சள்

ஐயா, நீங்க கேட்டதுல தப்பே இல்லைங்க. எங்க அம்மாவும் இதையேதான் கேக்குறாங்க. ஆனா பத்து வருஷமா கொள்ளும் கேழ்வரகும் தின்னுட்டுத்தான் 108-ல நிக்கிறேன். எங்க மாமியாரு "அழகுக்கு எதுக்கு இத்தனை லட்சம்"னாங்க. அவங்க மேல கோபம் இல்லை. ஊரே அப்படித்தான் நினைக்குது. பையன் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழாவுக்கு என்னை வர வேண்டாம்னு சொன்னான், ஆறாவது படிக்கிறான். அன்னிக்கு ராத்திரி தூங்கலை. இது எனக்கு அழகு சமாச்சாரம் இல்லைங்க ஐயா. கீழ உக்காந்து எந்திரிக்கணும், பஸ் ஏறணும், அவ்வளவுதான்.

மேசை சார், ரொம்ப நன்றி. பாலிசியைத் தேடி எடுத்துப் பாத்துட்டேன். காத்திருப்பு 36 மாசம், தாண்டிருச்சு. தனி உச்சவரம்பு இல்லை. ரூம் ஒரு சதவீதம்தான், 5,000. கோயம்புத்தூர்ல ரெண்டு பேர் இருக்கற ரூம் 4,500-ன்னு சொன்னாங்க, அதையே கேட்டிருக்கேன்.

கதிர்_அம்பத்தூர்

இன்னொரு பக்கத்தையும் தெரிஞ்சுக்கோங்க. எனக்கு 162 செ.மீ., 88 கிலோ, பி.எம்.ஐ. 33.5. பதினோரு வருஷமா சுகர். மூணு மாச சராசரி 9.4, இன்சுலின் ஏத்திக்கிட்டே போறாங்க, கண்ல ஆரம்பிச்சிடுச்சு. டாக்டர் தெளிவா சொன்னார்: நம்ம ஆளுங்களுக்கு வெள்ளைக்காரங்களைவிடக் கம்மி எடையிலேயே வயித்துல கொழுப்பும் சுகரும் வந்துடுது. அதனால இந்தியாவுல பேரியாட்ரிக் சர்ஜன்கள் சங்கம் நம்ம வரம்பைக் கீழே வெச்சிருக்கு. 37.5-க்கு மேல இருந்தா நேராகவே செய்யலாம், கூட நோய் இருந்தா 32.5-லேயே செய்யலாம். 2022-ல அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து வரம்பை இன்னும் கீழே கொண்டுவந்துட்டாங்க.

ஆனா பாலிசியில இருக்கறது 40-ம் 35-ம். அது 1991-ல அமெரிக்காவுல போட்ட கணக்கு. அங்க போட்ட கோட்டை அளவா வெச்சு என்னை அளந்து, 1.5 குறையுதுன்னு தள்ளிட்டாங்க. என்னுது கம்பெனி குரூப் பாலிசி, காத்திருப்பெல்லாம் கிடையாது, ஆனா அந்தப் பத்தி அப்படியே இருந்தது. ஓம்புட்ஸ்மேன் வரைக்கும் போனேன். பொறுமையா கேட்டாங்க, டாக்டர் சொல்றது புரியுது, ஆனா ஒப்பந்தத்துல 35-ன்னு எழுதியிருக்கும்போது ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. தோத்துட்டேன்.

3,60,000 கையிலிருந்துதான் கட்டினேன். பி.எஃப்.ல மருத்துவச் செலவுக்கு முன்பணம் எடுத்தேன், அப்ப அதுக்கு சர்வீஸ் வருஷக் கணக்கெல்லாம் பாக்கலை. மீதி பர்சனல் லோன், இன்னும் பதினாலு தவணை இருக்கு. இன்சுலின் நின்னுடுச்சு. அதனால வருத்தப்படலை. ஆனா இது என் காசு பிரச்சினை மட்டும் இல்லை. இதே ஊர்ல என்னை மாதிரி சுகர்ல கண்ணும் கிட்னியும் போறவங்க எத்தனை பேர், அவங்களுக்கு டயாலிசிஸ்னா குடுப்பாங்க, அது வராம தடுக்கறதுக்குக் குடுக்க மாட்டாங்க.

மேசை_எண்_4

கதிர், உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அடுத்தவர்களுக்காக. குரூப் பாலிசியில் விலக்குகளை நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசி மாற்றிக்கொள்ளலாம். புதுப்பிக்கும் மாதத்துக்கு முன்னாலேயே எச்.ஆர்.க்கு எழுதுங்கள். 35 என்பதை 32.5 ஆக்கக் கேளுங்கள். சில நிறுவனங்களுக்கு அப்படிச் செய்து கொடுத்ததை நானே க்ளெய்மில் பார்த்திருக்கிறேன்.

மாமரத்து ஐயா சொன்ன பயத்தை ஒதுக்க வேண்டாம். விலையைப் பேசிக் குறைத்து, எந்த வசதியும் இல்லாத இடத்தில் படுக்கக் கூடாது. ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா, ராத்திரி மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, வெட்டி மூடிய இடத்தில் கசிவு வந்தால் திரும்பத் திறந்து பார்க்க ஆள் உண்டா, இதே அறுவையை அந்த டாக்டர் வாரத்துக்கு எத்தனை செய்கிறார் என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஐம்பதாயிரம் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

புதுவரவு_77

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்காகக் கணக்குத் தொடங்கினேன். பாலிசி எடுக்கும்போது நிரப்பிய விண்ணப்பத்தின் நகலைப் பாருங்கள் சகோதரி. என் ஏஜென்ட் எனக்கு 74 கிலோ என்று எழுதியிருக்கிறார். அப்போது நான் 102. கையெழுத்து என்னுடையது. நான் படித்துப் பார்க்கவில்லை. க்ளெய்ம் போட்டபோது பழைய ஓ.பி. சீட்டை வாங்கிப் பார்த்து, உண்மையை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மையும் தள்ளிவிட்டார்கள், பாலிசியையும் ரத்து செய்துவிட்டார்கள். இப்போது 47 வயதில் எந்தப் பாலிசியும் இல்லாமல் இருக்கிறேன். அந்த ஏஜென்ட் போனே எடுப்பதில்லை.

ஈரோடு_மஞ்சள்

படிச்சதும் கை நடுங்கிருச்சுங்க. ஓடிப்போய் பீரோவுல தேடினேன். 96 கிலோன்னே எழுதியிருக்கு, அன்னிக்கு என் எடை அதுதான். அதுக்காகத்தான் பிரீமியம் கூடப் போட்டாங்கன்னு இப்பத்தான் புரியுது. அப்ப ஏஜென்ட்டைத் திட்டினேன்.

மேசை_எண்_4

அந்தக் கூடுதல் பிரீமியம்தான் இப்போது உங்களைக் காப்பாற்றப் போகிறது. புதுவரவு அவர்கள், பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மைத் தள்ள முடியாது. 2024-ல் எட்டு வருஷத்திலிருந்து குறைத்தார்கள். உங்கள் பாலிசிக்கு எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்.

வெண்ணிலா_சிட்னி

தங்கச்சி, நான் சிட்னியில இருக்கிறன். எனக்கு 2023இல ஸ்லீவ் செய்தவை. உங்கட கதையை வாசிக்க அப்பிடியே என்ர கதை மாதிரிக் கிடக்கு.

இஞ்ச சட்டம் வேற. பொது ஆஸ்பத்திரியில இந்த ஒப்பரேசன் மிகக் குறைவு, அநேகமாப் பிரைவேட்தான். 2019 ஏப்ரலில இருந்து இன்சூரன்ஸை கோல்ட், சில்வர், பிரான்ஸ், பேசிக் எண்டு பிரிச்சிட்டினம். எடை குறைக்கிற ஒப்பரேசன் கட்டாயம் இருக்க வேண்டியது கோல்டில மட்டும்தான். நான் பிரான்சில இருந்தனான். கோல்டுக்கு மாறிப் பன்னிரண்டு மாசம் காத்திருந்து செய்தனான். ஆனா ஒரு விசயம் நல்லது: எடை கூடவெண்டு சொல்லிப் பிரீமியத்தைக் கூட்ட இஞ்ச ஏலாது. நோயாளியோ சுகதேகியோ, ஒரே பொலிசிக்கு ஒரே விலை.

அப்ப எல்லாம் இன்சூரன்ஸ் குடுக்கும் எண்டுதான் நினைச்சனான். மெடிகெயார் எண்ட அரச மருத்துவக் காப்புறுதி தன்ர அட்டவணை விலையில 75 வீதம் குடுக்கும், மிச்ச 25 வீதத்தை இன்சூரன்ஸ் குடுக்கும். ஆனா சர்ஜன் அந்த அட்டவணை விலைக்கு வேலை செய்யிறேல்லை. அதுக்கு மேல அவர் கேக்கிறதுதான் இடைவெளிக் காசு. சர்ஜனுக்கு, உதவி சர்ஜனுக்கு, மயக்க டொக்டருக்கு எண்டு தனித்தனியா வந்தது. எல்லாம் சேர்த்து 6,400 டொலர், அதோட எக்செஸ் (இன்சூரன்ஸ் குடுக்க முதல் நாங்கள் கட்ட வேண்டிய பங்கு) 750. இன்சூரன்சே இல்லாத என்ர சிநேகிதி ஒராள் தன்ர ஓய்வூதியக் காசை முன்கூட்டி எடுத்துச் செய்தவ. அதுக்கு வரி அலுவலகத்திட்ட விண்ணப்பிக்க வேணும், ரெண்டு டொக்டர்மாரின்ர கடிதம் வேணும். வயசு போன பிறகு அந்தக் காசு இல்லாமல் என்ன செய்வாவோ எண்டு எனக்கு இப்பவும் கவலை.

உங்களிட்ட நான் சொல்ல வந்தது இதுதான்: ஒப்பரேசனுக்குப் பிறகு வாற செலவை எழுதி வையுங்கோ. பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி எல்லாம் சாகும்வரைக்கும். அதை ஒரு இன்சூரன்சும் குடுக்காது. நான் ஆறு மாசம் விட்டிட்டன், கால் விறைச்சுப் போச்சுது. தயவுசெய்து விட வேண்டாம்.

ஈரோடு_மஞ்சள்

யாராச்சும் இருக்கீங்களாங்க? மேசை சார்?

நேத்து கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸே நேரா பணம் கட்டறது) ரிஜெக்ட் ஆயிருச்சு. ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. தூக்கப் பரிசோதனையில 22 வந்துச்சு, 'மிதமான'ன்னு போட்டுட்டாங்க. அது போகட்டும், 40 இருக்கேன்னு தைரியமா இருந்தேன். ஆபரேஷனுக்கு முன்னாடி கல்லீரல் சுருங்கணும்னு டாக்டர் கஞ்சியும் புரோட்டீன் தண்ணியுமா டயட் குடுத்தாரு. சொன்னதை அப்படியே செஞ்சேன், ஒரு வாய் கூட மாத்தி சாப்பிடலை. 103.4-க்கு வந்துட்டேன். அட்மிஷன் பேப்பர்ல அந்த எடையைப் போட்டு அனுப்பியிருக்காங்க. பி.எம்.ஐ. 38.9. "40-க்குக் கீழே உள்ளது, குறிப்பிட்ட இணைநோய் இல்லை, விலக்கு 06"ன்னு ரெண்டே வரியில பதில்.

டாக்டர் சொன்னதைக் கேட்டதுக்கு இதுதான் தண்டனையா? பேசாம சாப்பிட்டுட்டே போயிருந்தா பாஸ் பண்ணியிருப்பாங்களா? அழுகையா வருது.

மேசை_எண்_4

அழாதீர்கள் தங்கை. இதை மாற்ற முடியும். உடனே செய்யுங்கள்.

விதியை மறுபடி படியுங்கள். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறது. அட்மிஷன் அன்றைக்கு அளந்தது என்று எங்கேயும் இல்லை. அதே விதியின் இரண்டாவது நிபந்தனை, அறுவை மருத்துவ நெறிமுறைப்படி நடக்க வேண்டும் என்கிறது. கல்லீரல் வீங்கியிருந்தால் இரைப்பையை மறைக்கும், கீறலில் ரத்தம் கொட்டும், அதனால்தான் முன்டயட். அது அந்த நெறிமுறையின் ஒரு பகுதி. இரண்டாவது நிபந்தனையை நிறைவேற்றியதற்காக நாலாவதில் தோற்கடிக்க முடியாது. இந்த வாதத்தை டாக்டர் தன் லெட்டர்ஹெட்டில் எழுத வேண்டும்.

கடிதத்தில் இருக்க வேண்டியது: முதல் நாள் அளந்த எடை, தேதி; இரண்டாம் முறை அளந்த எடை, தேதி; எந்தத் தேதியில் முன்டயட் தொடங்கியது; அதனால் குறைந்தது எத்தனை கிலோ; அந்தக் குறைவு அறுவைக்கான தயாரிப்பு, டயட்டை நிறுத்தினால் திரும்ப ஏறும் எடை என்று டாக்டரின் கருத்து; முன்பு செய்த முயற்சிகளின் விவரம். நீங்கள் சீல் வாங்கி வைத்த இரண்டு ஓ.பி. சீட்டையும் இணையுங்கள். டெஸ்க் மூலமாக மறுபரிசீலனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதே கடிதத்தைக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு நீங்களும் நேரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கம்பெனிக்காக க்ளெய்ம்களைப் பார்க்கும் ஒரு டி.பி.ஏ. ஊழியர் மட்டும் க்ளெய்மைத் தள்ளிவிட முடியாது. கம்பெனியின் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. அந்தக் குழு பார்த்ததா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பதில் வராமல் போனாலும் வழி அடைபடவில்லை. அறுவையைத் தள்ளிவைக்கலாம், இல்லாவிட்டால் கட்டிவிட்டு, பணத்தைத் திரும்பக் கேட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போடலாம். முப்பது நாளில் கம்பெனி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் தேனாம்பேட்டையில் இருக்கிற ஓம்புட்ஸ்மேன் அலுவலகம் உங்களுக்கு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கதிருக்கு ஒப்பந்தம் எதிராக இருந்தது. உங்களுக்கு ஒப்பந்தம் உங்கள் பக்கம் இருக்கிறது.

தாமிரபரணி

தங்கச்சி, தைரியமா இரு. காசு கட்ட வேண்டி வந்தா சொல்லு, நான் ஒரு இருபதாயிரம் அனுப்புதேன். திருப்பித் தரும்போது தா.

ஈரோடு_மஞ்சள்

அண்ணா, நீங்க சொன்னதே போதும்ங்க. டாக்டர் ராத்திரி பத்து மணிக்கு உக்காந்து அந்தக் கடிதத்தை எழுதிக் குடுத்தாரு. ஆபரேஷனை அடுத்த புதன்கிழமைக்கு மாத்தியிருக்கோம். காத்திருக்கேன்.

ஈரோடு_மஞ்சள்

மூணு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. கணக்கு முழுசா முடிஞ்சதுக்கு அப்புறம் எழுதணும்னு இருந்தேன்.

கடிதம் போன மூணாவது நாள் இன்னொரு கேள்வி கேட்டாங்க: பழைய டயட்டீஷியன் சீட்டு. ஃபைல்ல இருந்துச்சு. திங்கக்கிழமை சாயங்காலம் அப்ரூவல் வந்துருச்சு. புதன்கிழமை ஆபரேஷன், வெள்ளிக்கிழமை வீடு.

மொத்த பில் 3,92,400. இன்சூரன்ஸ் முதல்ல குடுத்தது 3,46,900. என்கிட்ட 45,500 கேட்டாங்க. அதுல 27,600 அவங்க 'தர முடியாத சாமான்' பட்டியல்: கையுறை, மாஸ்க், வயித்துல கட்டற பெல்ட்டு, மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து இருக்கற அந்தக் கருவி, இன்னும் என்னென்னவோ. மிச்சம் 17,900 ஒரு ஸ்டேப்ளர் கேட்ரிட்ஜ். ஆறு போட்டாங்க, அஞ்சுக்குத்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சாம். நர்ஸ் அக்காகிட்ட கெஞ்சி, தியேட்டர் பதிவேட்ல இருந்த ஆறாவது ஸ்டிக்கரோட நகலை வாங்கி அனுப்பினேன். ஒரு மாசத்துல அந்தப் பணம் திரும்பி வந்துருச்சு.

முன்னாடி எடுத்த டெஸ்ட்டுக்கெல்லாம் 31,400 ஆச்சு. என் பாலிசியில ஆபரேஷனுக்கு முன்னாடி 60 நாள் வரைக்கும் தருவாங்க. 19,800 வந்துச்சு. தூக்கப் பரிசோதனை 9,500, அது 74 நாளைக்கு முன்னாடி எடுத்தது, வரலை. தேதி தள்ளினதுல அந்த அஞ்சு நாளும் சேந்துக்கிச்சு. தள்ளலைன்னாலும் 69 நாள், வந்திருக்காது. டயட்டீஷியன் ஃபீஸ் 2,100-ம் வரலை. இந்த மூணு மாசத்துக்கு புரோட்டீன் பவுடர், மாத்திரை 12,000.

ஆக கையிலிருந்து போனது 51,200, கோயம்புத்தூர் பஸ் செலவு தனி. அட்மிஷன்ல கட்டச் சொன்ன 50,000 டெபாசிட் திரும்பக் கிடைச்சது, ஆனா அதை முதல்ல கையில வெச்சிருக்கணும், அது ரொம்பப் பேருக்குத் தெரியறதில்லை. டிஸ்சார்ஜ் அன்னிக்கு மூணு மணி நேரத்துக்கு மேல இழுத்தாங்க. லேட்டான ரூம் வாடகையை இன்சூரன்ஸ்தான் தரணும்னு மேசை சார் தனியா எழுதியிருந்தாரு, அதைக் காட்டினேன், பில்லுல இருந்து எடுத்துட்டாங்க.

இப்ப எடை 86. மாமியாருதான் தினமும் ரசம் வடிகட்டி வெக்கறாங்க, அரை டம்ளர். ஒண்ணும் பேசறதில்லை, வெச்சுட்டுப் போயிடறாங்க.

கதிர்_அம்பத்தூர்

ரொம்ப சந்தோஷம் அக்கா. எங்க கம்பெனியில எச்.ஆர். என் கடிதத்தை எடுத்துக்கிட்டாங்க, இந்த மாசம் புதுப்பிக்கறாங்க. 32.5 ஆகுமான்னு வந்து சொல்றேன். கைத்தோல் தொங்குதா உங்களுக்கு? எனக்கு வயித்துல தொங்குது, அதுக்கு ஆபரேஷன்னா இன்சூரன்ஸ் தருமா?

மேசை_எண்_4

அழகுக்கான அறுவை என்று தனி விலக்கு இருக்கிறது கதிர். மடிப்பில் புண், கிருமித்தொற்று என்று வந்து, உடலுக்கு நேரடி ஆபத்து என்று டாக்டர் சான்று எழுதினால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம். புண் வந்தால் சும்மா களிம்பு தடவிவிட்டு விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் தோல் டாக்டரிடம் காட்டி, தேதியோடு சீட்டு வாங்கி வையுங்கள்.

ஈரோடு_மஞ்சள்

எனக்கும் கையில தொங்குதுங்க கதிர் தம்பி, சேலைக்குள்ள தெரியறதில்லை. நாளைக்கு மூணாம் மாசச் செக்கப்புக்குக் கோயம்புத்தூர் போறேன். வெண்ணிலா அக்கா சொன்ன மாதிரி பி12-ம் இரும்பும் பாக்கச் சொல்லியிருக்கேன். ஆபரேஷனுக்குப் பின்னாடி 90 நாள் பாலிசியில உண்டு, நாளைக்கு 88. ரசீது வாங்கிட்டு வந்து போட்டுடறேன்.